மல்லாந்து கிடந்த சிலந்தி

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழிக் கடைசி அது. வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறிப் போகும் தோட்டமொன்றில், ஒரே கூரைக்கடியில் வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய லயத்தின் கடைசிக்கு முந்திய காம்பராவில் நான் இருக்கிறேன்; அப்போதும் அங்கேதான் இருந்தேன். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் பனி கொட்டும். விடியும்போது தேயிலை மேல் உப்புத் தூவியது போல வெள்ளை நிற்கும். தகரக் கூரை இரவெல்லாம் குளிரைக் குடித்துவிட்டுப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பும். அடுப்பு எரிந்தால் வீடு வீடாக இருக்கும். எரியாவிட்டால் நாலு சுவர்தான்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு, சாயங்காலம் ஆளில்லாத வீட்டுக்குத் தோள்வலியோடு திரும்புவேன். கணவர் காலமாகி வெகுநாளாயிற்று. ஒரே மகள். அவள் அந்த வருடம்தான் கொழும்புக்குப் போனாள், ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு. போகக் கூடாது என்று நான் சொன்னேன், போவேன் என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சொன்னதை எழுத வேண்டாம். சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் கேட்டார்கள், அது போதும்.

அவள் விட்டுப்போனது ஒரு மீன்தொட்டி. அதற்குள் மீன் இல்லை, ஒரு சிலந்தி இருந்தது.

சிலந்தி என்றால் மூலையில் வலை கட்டுகிற சின்னது அல்ல. உள்ளங்கை நிறைய வரும், மயிர் அடர்ந்த பெரியது. டரன்டுலா என்பாள் மகள். சிங்களச் சனங்கள் திவிமகுளுவா என்பார்கள், பேரைச் சொல்லும்போதே ஓர் எட்டுப் பின்னால் வைப்பார்கள். அதைக் கொண்டுவந்தவர் பக்கத்துக் காம்பரா அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பேக்டரி அடுப்புக்கு விறகு வெட்டுகிறவர். ஒரு கிழட்டு மரத்தை அறுத்தபோது பொந்துக்குள் இருந்த இதன் இரண்டு கால்களை வாள் கொண்டுபோய்விட்டது. மனுசனுக்குப் பொறுக்கவில்லை. தன் சோற்றுப்பெட்டியைக் காலி பண்ணி அதற்குள் போட்டு, மலையிலிருந்து இறங்கி வந்து என் மகளிடம் நீட்டினார்.

"பூச்சி பொட்டெல்லாம் படிச்சவ நீதானே. நான்தான் வெட்டிப்புட்டேன். என்னமாச்சும் பண்ணு தாயி."

இதையெல்லாம் வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். மகள் வளர்க்கவில்லை. தோல் உரிக்கும்போது போன கால் திரும்ப முளைக்கும், முளைத்ததும் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவோம் என்றாள். அந்த நாள் வருவதற்குள் அவளே போய்விட்டாள்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் போன் வரும். "சாப்டுச்சா?" என்பாள். "சாப்டுச்சு" என்பேன். "தண்ணி?" "வச்சேன்." "சரி." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அச்சு. ஆனால் அந்த நாலு வார்த்தைக்காக நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற வாசல்படியில், குளிரில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பூச்சி செத்தால் இந்தப் போனும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால், தொட அருவருத்த ஒரு சீவனுக்கு, பிள்ளைக் காம்பராவில் குழந்தைக்குப் பால் கலக்குகிற கவனத்தோடு போத்தல் மூடியில் தண்ணீர் வைத்தேன். வேலை முடிந்து வந்த அலுப்போடு கரப்பான் பூச்சி தேடி விறகு அடுக்கைக் கிளறினேன். கண்ணாடிப் பெட்டியை அடுப்புச் சுவருக்கு மறுபக்கத்தில், புகை வராத பலகையில் வைத்திருந்தேன். மரப்பொந்தின் ஆழத்தில் குளிர் இறங்காது, கண்ணாடிக்குள் இறங்கும், அதனால் அந்தச் சுவரின் சூடு அதற்கு எப்போதும் வேண்டும் என்று மகள் போகும்போதே சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டு அண்ணிக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. "ஊரு ஒலகத்துல நாய் வளப்பாங்க, பூனை வளப்பாங்க. இவளப் பாரு, எமனக் கூட்டியாந்து வச்சு ஊட்டி விடுறா" என்பாள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நாலு பேர் கேட்க. புருசன் கொண்டுவந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள். அண்ணன் அப்போது வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார், இழுப்பு. இஸ்தோப்புத் திண்ணையில், சாக்கை விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குப் போகும்போதும் கேட்பார், வரும்போதும் கேட்பார்.

"காலு மொளச்சிருச்சா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"மொளைக்கும், மொளைக்கும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

அப்புறம் ஒருநாள் சிலந்தி சாப்பிடவில்லை. கரப்பான் அதன் மேலேயே ஏறிப் போனது, அது அசையவில்லை. மறுநாளும் அப்படியே. அன்று போனில் "சாப்பிடல" என்றேன், குற்றவாளி போல. பிறகு, வீட்டைவிட்டுப் போனதிலிருந்து பேசாத அளவுக்கு ஒரே மூச்சில் பேசினாள்.

"அப்ப உரிக்கப் போகுதும்மா. வயிறு கறுத்திருக்கா? கறுக்கும். அந்தக் கரப்பான மொதல்ல வெளிய எடுங்க. உரிச்சதும் அது பஞ்சு மாதிரி இருக்கும், கரப்பானே அதக் கடிச்சுத் தின்னுரும். தண்ணி காயக் கூடாது. சூடு கொறையக் கூடாது. ஏதாவது பண்றோம்னு அதத் தொடாதீங்க, சும்மா விட்ருங்க."

அம்மா என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பல நாள் நடந்தேன். சிலந்தி பட்டினி கிடந்தது. அதன் வயிறு நிசமாகவே கறுத்தது. பெட்டியின் தரையில் வெள்ளையாக, மெல்லிய பாய் போல நூல் பரப்பிவைத்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பாய் விரிக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை மகள் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நாங்கள் பேசவில்லை.

ஒரு விடியற்காலை பக்கத்துக் காம்பராவிலிருந்து அண்ணியின் சத்தம் வந்தது. அழுகைக்கு முன்னால் வருகிற சத்தம் அது, கேட்டவர்களுக்குத் தெரியும். ஓடினேன். அண்ணன் போய்விட்டார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால், உடல் வெளியே போகும்வரைக்கும் லயத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டோம். ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு பக்கம் பிணம் கிடக்க மறுபக்கம் புகை வரக் கூடாது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சுகிற நெருப்பு மட்டும்தான் எரியும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கீழ் லயத்திலிருந்து வாளியில் வரும். குழந்தைகள் பசியில் அழுதாலும் பிஸ்கட்தான். யாரும் இதைச் சட்டமாக எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ஆகவே அன்று என் அடுப்பும் எரியவில்லை.

வெளியே தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு விரிக்கப் பாய் எடுக்க வீட்டுக்குள் வந்தேன். வந்தவள், பழக்கத்தில் பலகையைப் பார்த்தேன். சிலந்தி மல்லாந்து கிடந்தது. வயிறு மேலே, கால்கள் ஆகாயத்துக்கு. மூடியில் இருந்த தண்ணீர் தப்புச் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தது, அது மட்டும்தான் அந்தப் பெட்டிக்குள் அசைந்தது.

பாயோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் போன அன்றைக்கே அவர் கொண்டுவந்ததும் போய்விட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்ததாகச் சாயங்காலம் தோன்றியது. வாசல்படி, போன், "சாப்டுச்சா?" நான் என்ன சொல்வேன்? அழுகை வந்தது. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி, யாருக்காக அழுகிறோம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. அவள் போனதிலிருந்து முதல் தடவையாக நானே அவளுக்கு எடுத்தேன். கடையில் இருந்தாள். பயந்துபோய், "என்னம்மா?" என்றாள்.

"மல்லாந்து கெடக்கு."

"மல்லாந்தா? கால் விரிஞ்சிருக்கா, சுருட்டிக்கிட்டு இருக்கா? நல்லாப் பாருங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். "விரிஞ்சுதான் இருக்கு."

"அப்ப சாகல. செத்தா காலச் சுருட்டிக்கும். உரிக்கத் தொடங்கிருச்சும்மா, மல்லாந்துதான் உரிக்கும். தொட்றாதீங்க. பெரட்டிப் போட்றாதீங்க. அடுப்ப மட்டும் விடாம எரிங்க. குளிர் பட்டா தோல் பாதியில ஒட்டிக்கும், அதுக்கப்புறம் கழட்டவே ஏலாது, உள்ளயே செத்துரும்."

"அடுப்பு எரிக்க ஏலாதுடி."

"ஏன்?"

"கேத வீடு." இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். "பக்கத்து வீட்டு மாமா, விடியக்காலைல."

கடையில் யாரோ மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்பது கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சின்னக் குரலில் சொன்னாள்:

"அப்ப எரிக்காதீங்கம்மா."

நான் வளர்த்த பிள்ளைதான் அது. அந்த நிமிடத்தில்தான் அதை நினைத்தேன்.

என் கம்பளியைப் பெட்டியைச் சுற்றி மெதுவாகப் போர்த்தினேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாகக் குளிர்ந்துகிடந்தது. இனி நான் செய்ய ஒன்றுமில்லை. பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அண்ணியின் அருகில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். ஆனால் என் கண் திரும்பத் திரும்பச் சுவரிலேயே நின்றது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பலகை.

அண்ணி பார்த்துவிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது அவளுக்கு, வாய் மட்டும் போகவில்லை.

"என்ன புள்ள, ஒம் மொகம் இப்பிடிச் செத்துக் கெடக்கு? செத்தது எம் புருசன்."

இந்த நேரத்தில் எதைச் சொல்வது? ஒன்றுமில்லை அண்ணி என்றேன். அவள் விடவில்லை.

"பூச்சிக்கு என்னமோ ஆயிருச்சா?"

"உரிக்குது அண்ணி."

"காலு?"

"தெரியல. குளிருக்கு... ஒட்டிக்கும்கிறா எம் மக. சூடு இருந்தா..." அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியிருக்கவே வேண்டாம், அவளுக்கு விளங்கிவிட்டது. எரியாத எல்லா அடுப்புகளும் அவள் புருசனுக்காகத்தான் எரியாமல் இருந்தன.

அண்ணி அண்ணனின் முகத்தின் பக்கம் திரும்பினாள். "நேத்து படுக்கக்குள்ளகூடக் கேட்டாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "மொளச்சிருச்சான்னு அவகிட்ட கேளுடீன்னாரு. வேற வேல இல்லியா ஒங்களுக்குன்னு நான் திட்டிப்புட்டேன்."

வெளியே தண்ணீர் கொதித்துவிட்டது என்று ஆண்கள் குரல் கொடுத்தார்கள். உடலை எடுக்க வந்தார்கள். அப்போது அண்ணி எழுந்தாள். யாரும் பிடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்து நின்றாள்.

"அதுல ஒரு குண்டா மோந்து இவ வீட்டுல குடுங்க."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கொத்மலையிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பிக்கு, அக்காளுக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று பயம்.

"எதுக்குக்கா?"

"அவரு கொண்டாந்த பூச்சி உரிக்குதாம். சூடு வேணுமாம்."

"பூச்சிக்கா? அக்கா, இது அத்தானக் குளிப்பாட்டக் காச்சின தண்ணி. இதப் போயி..."

"ஒங்க அத்தானு ஆத்தங்கரையில குளிச்சு வளந்தவரு. அவருக்கு ஒரு குண்டா போதும். கொறஞ்சா வந்து சண்டையா போடப் போறாரு? குடுடான்னா குடு."

கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. தம்பிக்காரர் குண்டாவை நிறைத்து, சாக்கால் காதைப் பிடித்து, என் வாசல்வரைக்கும் தூக்கிவந்தார். உள்ளே வரவில்லை. பெட்டி இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார், வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குண்டாவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், தட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் கூடாரம் போல மூடினேன். விறகுப் புகை வாசமும் வெந்நீர் ஆவியும் கம்பளிக்குள் நின்றன. கண்ணாடி மெல்ல வியர்த்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணனைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தரையில் விழுகிற சத்தம், யாரோ மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிற சத்தம், பிறகு அண்ணியின் அழுகை. ஒரே பானைத் தண்ணீர், சுவருக்கு இரண்டு பக்கமும். நான் கும்பிட வேண்டும் போலிருந்தது, எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அண்ணனைத் தூக்கினார்கள். எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கி, வளைவில் திரும்பி, குறைந்து குறைந்து, கடைசியில் என் காதுக்குள் மட்டும் அடித்தது. வீடு கழுவ வேண்டும், வாசல் தெளிக்க வேண்டும். போவதற்கு முன் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

முதுகு ஓடு மூடி போலத் திறந்திருந்தது. உள்ளிருந்து வெளுத்த ஒன்று, கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல, கால்களை உருவிக்கொண்டிருந்தது. இழுக்கும், நிற்கும். ரொம்ப நேரம் நிற்கும், செத்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு. மறுபடி இழுக்கும். எத்தனை அலுப்பான வேலை அது! அவசரமே இல்லை, வேறு வழியும் இல்லை. நானும் அவ்வளவு அலுத்துப்போய்த்தான் நின்றிருந்தேன். வேலைக்குப் பிறகு மேட்டில் ஏறும்போது நான் நிற்பதும் அப்படித்தான்.

எல்லா வீட்டு அடுப்பும் எரியத் தொடங்கியபோது அது முழுசாக வெளியே கிடந்தது. பக்கத்தில் பழைய தோல், இன்னொரு சிலந்தி போல, ஆறு காலோடு. புதியதற்கு எட்டு. அதில் இரண்டு மட்டும் குட்டையாக, வெளிறிப்போய், நூல் போல இருந்தன. ஆனாலும் கால்கள்தான்.

அண்ணியிடம் போய், "மொளச்சிருச்சு அண்ணி" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. மகளிடமும் சொன்னேன். இப்போதைக்கு ஒன்றும் ஊட்டாதீங்க என்றாள். பல்லெல்லாம் வெள்ளையா இருக்கும், கறுக்கிறவரைக்கும் கிட்டப் போகாதீங்க, தண்ணி மட்டும் வைங்க என்றாள். சொல்லிவிட்டு வைக்கவில்லை. மாமா எப்படிப் போனார், யார் யார் வந்தார்கள், அத்தை சாப்பிட்டாளா என்று கேட்டாள். வெந்நீர் வந்த கதையை நான் சொன்னதும், கருமாதிக்கு வர்றேம்மா என்றாள்.

கருமாதிக்கு அவள் ரயிலேறி வந்தாள். அதற்குள் சிலந்தியின் பல் கறுத்து, முதல் கரப்பானையும் பிடித்துவிட்டது. மறுநாள் அண்ணியும் சேர்ந்து மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் மரம் அறுத்த இடத்துக்கு மேலே, காட்டோரம் போனோம். அண்ணி அதுவரைக்கும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று குனிந்து பார்த்தாள்.

"என்னடி, ரெண்டும் சூம்பிப்போய் இருக்கு?"

"அடுத்த தடவ உரிக்கக்குள்ள சரியாயிரும் அத்தே."

"அடுத்த தடவ வேற இருக்கா இதுக்கு? குடுத்து வச்சவ" என்றாள் அண்ணி.

பொந்துள்ள ஒரு மரத்தடியில் பெட்டியைச் சாய்த்தோம். அது கொஞ்ச நேரம் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றது. பிறகு, எங்களுக்கு ஒரு நன்றியும் சொல்லாமல், ஏறிப் போய்விட்டது.

மகள் கொழும்புக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் பழக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். பலகை காலி. கேட்பதற்கு இனி அவளுக்கு ஒன்றுமில்லை, போன் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. எடுத்தேன். கொழும்புத் தெருச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் கேட்டாள்: "நீங்க சாப்டீங்களாம்மா?"

இன்றைக்கும் வேலை முடிந்து மேட்டில் ஏறுகிறேன், இன்றைக்கும் கால் வலிக்கிறது, இன்றைக்கும் போன் வருகிறது. அண்ணி இன்னும் பீலியடியில் என்னைக் கேலி பண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் குளிர்நாளில் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம், தன் புருசனின் கடைசிக் குளியலிலிருந்து ஒரு குண்டாவை எடுத்துக்கொடுத்த அந்தக் கை எனக்கு ஞாபகம் வரும். என் மகள் என்னிடம் திரும்பி வந்தது அந்தச் சூட்டில்தான் என்பதை அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஏதாவது கேலி பண்ணுவாள். பண்ணட்டும், அதைக் கேட்கவாவது ஒருநாள் சொல்லிவிட வேண்டும்.